நேத்து என்ன சாப்பிட்டீங்க?

பதினஞ்சு நாளா மக்காச்சோள அறுவடை, அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. கதிர் அடிச்சு, காயவச்சு, வியாபாரி வந்து எடை போட்டு மூட்டையை ஏத்திட்டுப் போன பிறகுதான் கொஞ்சம் உட்கார நேரம் கிடைச்சுது. இன்னைக்கு விவசாயமும் வியாதியும் கலந்த ஒரு விசயம் பேசலாம்னு இருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

போன மாசம் எங்க தெருவுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. கழுத்துல அடையாள அட்டை, கையில கணக்கெடுக்கிற படிவம். வீடு வீடா உடம்பு, சாப்பாடு பத்தி கேக்குறாங்களாம். நான் திண்ணையில விதைக்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தேன். "அக்கா, நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நீங்க என்னென்ன சாப்பிட்டீங்க?"ன்னு என் சம்சாரத்தைக் கேட்டுச்சு. "காலையில இட்லி, மத்தியானம் சோறு, கீரை, ஆளுக்கொரு முட்டை, ராத்திரி தோசை, ஒரு டம்ளர் பால்"னு மளமளன்னு ஒப்பிச்சா இவ. அந்தப் பொண்ணும் எழுதிக்கிட்டுப் போயிடுச்சு.

நேத்து எங்க வீட்டுல முட்டையும் இல்ல, கீரையும் இல்ல. பருத்தி எடுப்பு நாள். எனக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுட்டு மிச்சம் இருந்த ரசத்தை ஊத்தித்தான் அவ சாப்பிட்டா. பால் மொத்தமும் சொசைட்டிக்குப் போயிடுச்சு.

"ஏன் அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டேன். "பின்ன என்ன? காடு கழனி வச்சிருக்கிற வீட்டுல வெறும் ரசஞ்சோறுதான்னு எழுதச் சொல்றீங்களா? நம்ம மானம் என்னாவறது?"ன்னா. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒரு மனுசரோட வாழ்க்கையைப் படிச்சேன். அந்தச் சிரிப்பு நின்னு போச்சு. அவரைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

அவர் பேரு ஜோசப் கோல்ட்பெர்கர். 1874ல பிறந்தவர். பிறந்த ஊரு இப்ப ஸ்லோவாக்கியா நாட்டுல இருக்கு, அப்ப அது ஆஸ்திரிய ஹங்கேரி சாம்ராஜ்யம். சின்னப் பையனா இருக்கும்போதே குடும்பத்தோட அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவங்க. நியூயார்க்குல ஏழை ஜனங்க நெருக்கியடிச்சு வாழ்ந்த பகுதியில அப்பா மளிகைக்கடை வச்சிருந்தார். பையன் முதல்ல இன்ஜினியரிங் படிக்கப் போயி, மனசு மாறி மருத்துவம் படிச்சு 1895ல டாக்டர் ஆனார். கொஞ்ச நாள் சொந்தமா வைத்தியம் பார்த்தார், அது ஒத்து வரல. 1899ல அரசாங்கச் சுகாதாரப் பணியில சேர்ந்தார். சாகிற வரைக்கும் அந்த அரசாங்க வேலைதான்.

அந்த வேலைக்கு எபிடமியாலஜிஸ்ட்னு பேரு. நோய்ப்பரவல் ஆய்வாளர்னு தமிழ்ல சொல்லலாம். ஆஸ்பத்திரி டாக்டர் நம்மகிட்ட "உனக்கு என்ன செய்யுது?"ன்னு கேப்பார். இவங்க கேக்குற கேள்வி வேற. இந்த நோய் யாருக்கு வருது, யாருக்கு வரல, ஏன் அவனுக்கு வந்து இவனுக்கு வரல? அவ்வளவுதான். கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா இந்தக் கேள்வியை விடாம கேட்டுக்கிட்டே போனா அது கூலியில போய் நிக்கும், நிலத்துல போய் நிக்கும், சில நேரம் அடுப்படியில போய் நிக்கும். அதனாலதான் இந்தக் கேள்வியைப் பல பேருக்குப் பிடிக்கிறதில்ல.

மஞ்சள் காய்ச்சல், டைபஸ், டெங்குன்னு பல நோய்களுக்குப் பின்னாடி அலைஞ்சவர் கோல்ட்பெர்கர். அலைஞ்ச இடத்துல அந்த நோயெல்லாம் அவருக்கே வந்து, பிழைச்சு எழுந்தார். 1914ல அவரோட மேலதிகாரி ரூபர்ட் ப்ளூ ஒரு புது வேலையைக் கொடுத்தார். தெற்கு அமெரிக்காவை ஆட்டிப் படைச்சுக்கிட்டு இருந்த பெல்லாக்ராங்கிற நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கணும்.

பெல்லாக்ரான்னா இத்தாலிக்காரங்க வச்ச பேரு, சொரசொரப்பான தோல்னு அர்த்தம். வெயில் படுற இடத்துல தோல் கறுத்து உரியும், வயித்தால போகும், புத்தி பேதலிக்கும், கடைசியில சாவு. 1906ல அலபாமாவுல ஒரு மனநல விடுதியில மட்டும் 88 பேருக்கு வந்து 57 பேர் செத்தாங்க. அப்புறம் வருசா வருசம் வசந்த காலம் வந்தா ஆயிரக்கணக்குல வர ஆரம்பிச்சுது. கெட்டுப்போன மக்காச்சோளம்னு சில பேரும், கிருமின்னு பல பேரும், பரம்பரைன்னு இன்னும் சில பேரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பெரிய ஆய்வுக்குழு ஒண்ணே அது தொத்துநோய்னு சொல்லிச்சு.

கோல்ட்பெர்கர் முதல்ல செஞ்சது என்ன தெரியுமா? நோயாளிங்க இருக்கிற விடுதி விடுதியாப் போய் சும்மா பார்த்தார். மனநல விடுதியில உள்ளே இருக்கிறவங்களுக்கு நோய் வருது. அவங்களைத் தொட்டுக் குளிப்பாட்டி, அதே கட்டடத்துல படுத்துத் தூங்குற வேலைக்காரங்களுக்கு வரல. தொத்துநோயா இருந்தா ஆள் பார்த்தா தொத்தும்? அனாதைப் பிள்ளைகள் விடுதியில பார்த்தார். பெரும்பாலும் 6 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குத்தான் வந்திருந்துச்சு. அதுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தாங்க. பெரிய பிள்ளைகள் வேலை செய்யுறதுங்கிறதால அதுகளுக்கும் கொஞ்சம் நல்ல சாப்பாடு. நடுவுல மாட்டுன பிள்ளைகளுக்கு மக்காச்சோள மாவும் பாகும்தான்.

அப்பவே அவருக்குப் பிடி கிடைச்சுடுச்சு. மிசிசிப்பி மாநிலத்துல ரெண்டு அனாதை விடுதியிலயும், ஜார்ஜியாவுல ஒரு மனநல விடுதியிலயும் பால், முட்டை, கறி, பயறு சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு பண்ணினார். அடுத்த வருசம் நோய் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. ஒரு விடுதியில மறுபடி பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினாங்க, நோயும் திரும்பி வந்துச்சு.

அப்பவும் நம்பல. கிருமிக் கட்சிக்காரங்களுக்குப் பதில் சொல்ல 1916ல அவரும் கூட வேலை பார்த்தவங்களும் நோயாளியோட ரத்தத்தை ஊசியில ஏத்திக்கிட்டாங்க, தோல் செதிலையும் மலத்தையும் சேர்த்து விழுங்குனாங்க. அவர் சம்சாரம் மேரியும் நோயாளி ரத்தத்தை ஊசி வழியா ஏத்திக்கிட்டாங்க. ஒருத்தருக்கும் நோய் வரல. படிக்கிற நமக்குக் குமட்டுது. அந்த மனுசங்க எந்த அளவுக்கு நம்பியிருந்தா இதைச் செஞ்சிருப்பாங்க!

இதெல்லாம் சினிமா மாதிரி இருக்கும், எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. எனக்கு அதைவிடப் பெருசாப் படுறது அதே 1916ல அவர் தொடங்குன கணக்கெடுப்பு வேலை. கூட சேர்ந்தவர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர், டாக்டர் இல்ல, பொருளாதாரம் படிச்சவர். ரெண்டு பேரும் தெற்கு கரோலினாவுல ஏழு பஞ்சாலை ஊர்களை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீடு வீடாப் போய் யாருக்கு நோய் வந்திருக்குன்னு பார்த்தாங்க. குடும்பத்துக்கு என்ன வருமானம், எத்தனை வாய், அதுல பெரியவங்க எத்தனை, சின்னதுங்க எத்தனைன்னு எல்லாம் கணக்குல எடுத்தாங்க. 15 நாள்ல வீட்டுக்குள்ள என்ன சாமான் வந்துச்சுங்கிறதுக்கு மில்லுக் கடையோட கணக்கையே புரட்டுனாங்க.

இங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. வாய் மானத்துக்குப் பயந்து பொய் சொல்லும். கடை நோட்டு சொல்லாது. எங்க ஊர் கடை நோட்டை அந்தப் பொண்ணு பார்த்திருந்தா, முட்டை எத்தனை வாங்குனோம்னு தெரிஞ்சிருக்கும்.

அந்தக் கணக்கு என்ன சொல்லுச்சு? வருமானம் குறைஞ்ச குடும்பத்துல நோய் பல மடங்கு. படி ஏற ஏற நோய் இறங்குது. சரி, ஏழைக்கு வியாதி வரும்னு எங்க அப்பத்தாவே சொல்லும், இதுக்கு எதுக்கு ஆய்வுன்னு கேப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. ஏறக்குறைய ஒரே கூலி வாங்குற ரெண்டு ஊர்ல, ஒண்ணுல நோய் அதிகம், இன்னொண்ணுல நோயே இல்ல. என்ன வித்தியாசம்னு போய்ப் பார்த்தாங்க. நோய் இல்லாத ஊரைச் சுத்தி இருந்த விவசாயிங்க பாலும் காய்கறியும் கொண்டுவந்து வித்தாங்க, வருசம் முழுக்க கறிக்கடை இருந்துச்சு. நோய் இருந்த ஊரைச் சுத்தி பருத்தி, பருத்தி, பருத்தி. கையில காசு இருந்தாலும் வாங்க பொருள் இல்ல. சொந்தமா கறவை மாடு வச்சிருந்த வீடுகள்லயும் நோய் குறைவு.

அந்தப் பக்கம் குத்தகை விவசாயிங்க நிலைமை இன்னும் மோசம். நிலக்காரனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் வேண்டியது பருத்தி. வாசப்படி வரைக்கும் பருத்தியைப் போட்டாங்க. தோட்டம் போட இடமில்ல, மாடு கட்ட இடமில்ல. பருத்தி விலை போனா கடன், கடன்ல சோளமாவும் பன்றிக்கொழுப்பும் பாகும். அந்த மாவுலயும் ஒரு கோளாறு. மக்காச்சோளத்துல அந்தச் சத்து இருக்கு, ஆனா உடம்பு எடுத்துக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கும். மெக்சிகோ பக்கத்துப் பூர்வகுடிங்க சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சுத்தான் அதைச் சாப்பிட்டாங்க, அதுல பூட்டு திறந்துக்கும். தானியத்தை எடுத்துக்கிட்டுப் போனவங்க அந்தப் பக்குவத்தை எடுத்துக்கிட்டுப் போகல.

இன்னொண்ணும் கண்டாங்க. நோய் வந்த பெரியவங்கள்ல பொம்பளைங்கதான் ரொம்ப அதிகம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வருமானம். பின்ன ஏன்? இருக்கிற கொஞ்சம் கறி வேலைக்குப் போற ஆம்பளைக்கு, கொஞ்சம் பால் பிள்ளைக்கு. தாய்க்காரிக்கு மாவும் பாகும். ஒன்பதாயிரம் மைல் தள்ளி இருக்கிற ஊரு, நூறு வருசத்துக்கு முந்தின காலம். எங்க வீட்டு ரசஞ்சோறு மாதிரியே இல்ல?

1920ல பருத்தி விலை விழுந்துச்சு. இந்த வருசம் பெல்லாக்ரா ஏறும்னு 1921ல கோல்ட்பெர்கர் எச்சரிச்சார். ஒரு டாக்டர் பருத்தி விலையைப் பார்த்து நோயைக் கணிக்கிறார் பாருங்க! ஜனாதிபதி ஹார்டிங் கவலைப்பட்டு, நிவாரணத்துக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னார். தெற்கத்தித் தலைவருங்களுக்கு வந்துச்சே கோவம். எங்க ஊர்ல பஞ்சமா, யார் சொன்னது, எங்க பேரைக் கெடுக்காதீங்க, உங்க தர்மம் எங்களுக்கு வேண்டாம்னு குதிச்சாங்க. கௌரவம்தான். ஆனா அந்தக் கௌரவத்துக்கு விலை கொடுத்தது கொடி பிடிச்சவங்க இல்ல, மாவு தின்னு தோல் உரிஞ்சவங்க.

1927ல மிசிசிப்பி ஆத்துல பெருவெள்ளம். அவரும் சைடன்ஸ்ட்ரிக்கரும் வெள்ளம் பாதிச்ச ஊர்களுக்குப் போனாங்க. அதுக்குள்ள அவர் ஒரு மலிவான மருந்து கண்டுபிடிச்சிருந்தார். பீர் காய்ச்சப் பயன்படுத்துற ஈஸ்ட். செஞ்சிலுவைச் சங்கம் மூலமா அதை வாங்கிக் கொடுத்தாங்க, ஜனங்க தேறுனாங்க. ஆனா அறிக்கையில அவங்க ஈஸ்டோட நிறுத்தல. குத்தகை முறை, ஒரே பயிர் விவசாயம், இதுதான் வேர்னு எழுதி வச்சாங்க. 1929 ஜனவரியில புற்றுநோயால கோல்ட்பெர்கர் செத்துப் போனார், வயசு 54. அந்தச் சத்து நியாசின்னு தெரிய வந்தது 1937ல. அப்புறம் மாவுல சத்துச் சேர்த்தாங்க, கூலியும் ஏறுச்சு, நோய் ஓய்ஞ்சுது.

விவசாயிங்க கேக்க வேண்டிய இன்னொரு சேதி இருக்கு. பருத்திக் காயைத் துளைக்கிற ஒரு கூன்வண்டு அந்தக் காலத்துல தெற்கு அமெரிக்காவையே நாசம் பண்ணுச்சு. பொருளாதார ஆய்வாளர்கள் பிற்காலத்துல பழைய கணக்குகளைத் தோண்டிப் பார்த்தாங்க. வண்டு வந்த இடத்துல பருத்தி குறைஞ்சுது, ஜனங்க சாப்பாட்டுப் பயிர் போட்டாங்க, பெல்லாக்ரா சாவு குறைஞ்சுதாம். பணப்பயிரைத் தின்ன பூச்சி மனுசனைக் காப்பாத்தியிருக்கு! படைப்புழு கிட்ட மக்காச்சோளத்தைப் பறிகொடுத்த எனக்கு அதைப் படிச்சு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

கோல்ட்பெர்கரைச் சாமியாக்கவும் நான் வரல. 1915ல மிசிசிப்பியில ஒரு சிறைப்பண்ணையில, விடுதலை தர்றோம்னு சொல்லி கைதிகளுக்கு மாசக்கணக்குல மாவுச் சாப்பாடு கொடுத்து, 11 பேர்ல 6 பேருக்கு நோயை வரவச்சார். நிரூபணம் கிடைச்சுது, நிசம்தான். ஆனா கம்பிக்குள்ள இருக்கிறவன் சொல்ற சம்மதம் சம்மதமா? எனக்கு ஒப்பல. அந்த ஏழு ஊர்க் கணக்குல இருந்ததும் வெள்ளைக்காரத் தொழிலாளிக் குடும்பங்கதான். கறுப்பின மக்களைப் பஞ்சாலை வேலைக்குப் பெரும்பாலும் சேர்க்காத காலம் அது. அதே நோயில அவங்களும் கும்பல் கும்பலாச் செத்தாங்க. ஏற்றத்தாழ்வைத் தேடிப் போன கணக்குக்குள்ளயே ஒரு ஏற்றத்தாழ்வு.

இது எங்கயோ நடந்த கதைன்னு தள்ளிடவும் முடியாது. நம்ம சேலத்துல பிறந்த டாக்டர் கோபாலன் ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துல இருந்தப்போ, அந்தப் பக்கம் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை ஜனங்ககிட்ட இதே பெல்லாக்ராவைப் பார்த்தார். மக்காச்சோளம் இல்லீங்க, நம்ம நாட்டுச் சோளம். அதுல லியூசின்ங்கிற ஒரு பொருள் கூடுதலா இருக்கிறது காரணமா இருக்கலாம்னு 1960ல அவரும் ஸ்ரீகாந்தியாவும் எழுதுனாங்க. அதுமேல நிறைய வாதம் நடந்துச்சு. அந்த வாதம் எப்படிப் போனாலும் எனக்கு ஒண்ணு விளங்குது. சிறுதானியம் தின்னா எல்லா வியாதியும் ஓடிப்போகும்னு வாட்ஸப்புல வர்ற செய்தியை நம்பாதீங்க. எந்தத் தானியமா இருந்தாலும் கூட பருப்பு, பால், முட்டை, கீரை வேணும். அதை வாங்க வக்கு வேணும்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன்.

ஒண்ணு, கணக்கெடுக்க வர்றவங்களை நாம வேண்டாத விருந்தாளி மாதிரி நடத்துறோம். "போன வருசமும் வந்தீங்க, என்ன கிழிச்சீங்க?"ன்னு கேக்குறோம். அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. கணக்கு எடுத்துட்டு அதை பீரோவுல வச்சுப் பூட்டுறதுக்கு எதுக்கு எங்க வாசலை மிதிக்கணும்? அரசாங்கத்தை அதைக் கேட்டே ஆகணும். ஆனா நாம பொய் சொன்னா கேக்குற உரிமையும் போயிடுது. எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் முட்டை, கீரை, பால்னு எழுதிக்கிட்டுப் போனா, மேல உட்கார்ந்திருக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? இந்த ஊருக்கு ஒரு குறையும் இல்லன்னுதான் நினைப்பார். அப்புறம் ரத்தசோகைக்கு மாத்திரை வரலன்னு யாரைத் திட்டுறது?

ரெண்டு, நோயைப் பத்திப் பேசும்போது "சுத்தமா இருங்க, சத்தா சாப்பிடுங்க"ன்னு புத்தி சொல்றதோட நிறுத்துறவங்க பாதி வேலைதான் செய்யுறாங்க. சத்தா சாப்பிட யாருக்குத்தான் ஆசை இல்ல? என்ன கூலி, பக்கத்துல என்ன கிடைக்குது, யாரு கடைசியா சாப்பிடுறாங்கன்னு கேக்கணும். கோல்ட்பெர்கரோட 15 வருச உழைப்புல நான் கத்துக்கிட்டது அதுதான்.

மூணு, நம்ம காடு. எங்க பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண்ணுல இப்ப ஒரு பக்கம் பருத்தி, ஒரு பக்கம் மக்காச்சோளம். ஒண்ணு மில்லுக்கு, ஒண்ணு கோழித்தீவனத்துக்கு. எங்க அப்பா காலத்துல வரகும் சோளமும் போட்ட காட்டுல துவரை, தட்டைப்பயறு, மொச்சைன்னு ஊடால ஏதாச்சும் நிக்கும், வரப்போரம் கீரை மொளைக்கும். இப்ப களைக்கொல்லி அடிச்சு எல்லாம் துடைச்ச மாதிரி இருக்கு. பணப்பயிர் போடாதீங்கன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, கடன் கட்ட எனக்கும் காசு வேணும். ஆனா வாசப்படி வரைக்கும் அதையே போட வேண்டாம். ரேசன் கடை அரிசி இருக்கிறதால நாம வயித்துப் பசியில சாகல, அது பெரிய விசயம். வயிறு நிறையறதும் உடம்பு தேறுறதும் ஒண்ணு இல்லன்னுதான் அந்த ஏழு ஊர்க் கணக்கு சொல்லுது.

இந்தக் கதையெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அந்தப் பொண்ணு அடுத்த தடவை வந்தா நிசத்தைச் சொல்லுன்னேன். அவ தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "சொல்றேன். ஆனா நேத்து என்ன சாப்பிட்டன்னு என்னைக் கேக்குறதுக்கு அட்டை மாட்டிக்கிட்டு ஒருத்தி வரணும் போல. இருவத்திரெண்டு வருசத்துல நீங்க ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"ன்னா.

பதில் சொல்ல வாய் வரல. மறுநாள்ல இருந்து ஒரு லிட்டர் பாலை வீட்டுக்குன்னு நிறுத்திட்டுத்தான் மிச்சத்தைச் சொசைட்டிக்கு ஊத்துறேன். அவ குடிக்கிறாளான்னு நின்னு பார்க்க வேண்டியிருக்கு, பிள்ளைக்கு ஊத்திடுறா. வர்ற ஆடியில பருத்திக்கு ஊடால தட்டைப்பயறும் உளுந்தும் போட விதை எடுத்து வச்சிருக்கேன்.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, நேத்து என்ன சாப்பிட்டன்னு. வர்ற பதிலை நம்பாதீங்க, சட்டியை எட்டிப் பாருங்க.

அடுத்த பதிவுல மக்காச்சோளம் இந்தத் தடவை என்ன விலைக்குப் போச்சுன்னு எழுதுறேன்.